ஸ்க்ரூவைக் கழற்றும் முன் கரண்ட் எங்கே நின்றது என்று பாருங்கள்: வீட்டுச் சாமான்களை நாமே பழுதுபார்க்க ஒரு முழு வழிகாட்டி

அயர்ன் பாக்ஸ் சூடாகவில்லை, மிக்சி ஓடவில்லை, ஃபேன் முனகுகிறதே தவிர சுற்றவில்லை. உடனே நம் கை ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிறது. கொஞ்சம் பொறுங்கள். வீட்டில் எது நின்றாலும் நானே பிரித்துப் பார்க்கிற பழக்கம் பல வருடங்களாக எனக்கு உண்டு. அதில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: கரண்ட் பிளக்கில் ஒரு பின் வழியாக உள்ளே போய், ஒயர், ஸ்விட்ச், ஃபியூஸ், எலிமெண்ட் அல்லது மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, இன்னொரு பின் வழியாகத் திரும்புகிறது. பொருள் செத்துப்போனது போலக் கிடந்தால் பெரும்பாலும் இந்தப் பாதை எங்கோ ஓர் இடத்தில் அறுந்திருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலையில் முக்கால்வாசி. பழைய பாகத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவதெல்லாம் அப்புறம் சுலபம்.

எதைத் தொடவே கூடாது

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் தப்பு செய்தால் திருத்திக்கொள்ள வாய்ப்பு கிடைக்காது. மைக்ரோவேவ் அவனைத் திறக்காதீர்கள். அதற்குள் இருக்கும் கெபாசிட்டரில், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகத்தில், 2000 வோல்ட்டுக்கு மேல் ஏறும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கக்கூடும், அந்த அடி உயிரை எடுக்கக்கூடியது. பழைய பிக்சர் டியூப் டிவியும் அப்படித்தான். ஃபிரிட்ஜில் பின்பக்கத் தூசியைத் துடைக்கலாம், கதவு ரப்பரை மாற்றலாம், ஆனால் கேஸ் ஓடும் குழாயில் கை வைக்க வேண்டாம், இப்போது வரும் பல ஃபிரிட்ஜ்களில் இருக்கும் ஆர்600ஏ கேஸ் தீப்பற்றக்கூடியது. சமையல் கேஸ் அடுப்பு, கேஸ் வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றின் கேஸ் இணைப்புகளும் நம் வேலை இல்லை. உப்பிப்போன லித்தியம் பேட்டரியைக் குத்தவோ, அழுத்தவோ, வளைக்கவோ கூடாது.

மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே விதி: பிளக்கைப் பிடுங்கி, அது உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் போதாது. சீலிங் ஃபேன் போலப் பிளக் இல்லாத பொருள் என்றால் மெயின் போர்டில் அந்த லைனின் பிரேக்கரை இறக்கிவிட்டு, டெஸ்டரிலும் மல்டிமீட்டரிலும் பார்த்து உறுதி செய்துகொண்டு கை வையுங்கள்.

கருவிகள்

நிறைய வாங்கிக் குவிக்க வேண்டாம். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், நட்சத்திர (பிளஸ்) முனையும் தட்டை முனையும் உள்ள நல்ல ஸ்க்ரூடிரைவர்கள், மூக்கு நீண்ட பிளையர், ஒயர் கட்டர், இன்சுலேஷன் டேப், சூடாக்கினால் சுருங்கி ஒயரை மூடிக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், பழைய டூத் பிரஷ். சால்டரிங் அயர்ன் பிறகு வாங்கிக்கொள்ளலாம். இதில் எதைக் குறைத்தாலும் மல்டிமீட்டரைக் குறைக்காதீர்கள். அது இல்லாமல் பழுதுபார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுகிற மாதிரி.

சில ஸ்க்ரூக்களின் தலை ஆறுமுனை நட்சத்திரமாகவோ முக்கோணமாகவோ இருக்கும், பயனர் திறக்கக் கூடாது என்றே அப்படி வைக்கிறார்கள். பல முனைகள் கொண்ட ஒரு சின்ன பிட் செட் இருந்தால் அதுவும் திறக்கும். அளவு சேராத முனையைப் போட்டு மல்லுக்கட்டினால் தலை வழுக்கிவிடும், பிறகு அந்த ஒரு ஸ்க்ரூவுக்காகப் பாதி நாள் போய்விடும்.

படி 1: திறக்காமலே விசாரியுங்கள்

வேறொரு பொருளைச் செருகி சுவர் பாயிண்டில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், பாயிண்ட் போயிருக்க, பொருளைப் பிரித்துப் போட்டவர்கள் நிறையப் பேர். அடுத்து, நின்ற விதத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். ஒயரை அசைத்தால் வந்து வந்து போயிற்றா? அப்படியானால் ஒயருக்குள் இழை அறுந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடாகி நின்றதா? அளவு மீறினால் கரண்டை நிறுத்தும் ஓவர்லோடு பட்டனோ தெர்மல் ஃபியூஸோ வேலை செய்திருக்கிறது. எரிந்த வாடை, கூடவே புகை என்றால் மோட்டார் காயிலைச் சந்தேகிக்கலாம். செருகியதும் வீட்டு பிரேக்கர் விழுகிறதா? அது பாதை அறுந்த கேஸ் இல்லை, ஒயர் எங்கோ ஒன்றோடொன்று ஒட்டிய ஷார்ட் அல்லது பாடியில் கசிவு. மறுபடி மறுபடி செருகிப் பார்க்காதீர்கள்.

படி 2: பிளக் பின்களிலேயே அளந்து பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான், ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற வேண்டாம். பொருளின் பிளக்கைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரை ஓம் (மின்தடையை அளக்கும்) நிலையில் வைத்து, இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். இப்போது பொருளின் ஸ்விட்சை ஆன் செய்து, தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் ஸ்விட்ச்) இருந்தால் முழுக்கத் திருகி, பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் பின்களில் கம்பிகளை வையுங்கள்.

சூடாகும் பொருள்களுக்கு எவ்வளவு காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுங்கள். 230 வோல்ட்டில் ஓடும் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் என்றால் 52,900ஐ 1000ஆல் வகுத்து சுமார் 53 ஓம். 2000 வாட் கெட்டில் என்றால் சுமார் 26. 120 வோல்ட் லைன் உள்ள இடத்தில் அதே 1000 வாட் பொருள் சுமார் 14 காட்டும். அந்த எண்ணுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வந்தால் பிளக்கிலிருந்து எலிமெண்ட் போய்த் திரும்புகிற பாதை முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றும் காட்டவில்லை என்றால் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தையே காட்டினால் ஷார்ட். மிக்சி, டிரில் போன்ற, கார்பன் பிரஷ் (சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) உள்ள மோட்டார்களில் சில ஓம்களிலிருந்து சில பத்து ஓம்கள் வரை காட்டும், பிரஷ் தேய்ந்துபோயிருந்தால் எதுவும் காட்டாது, அல்லது மோட்டாரைக் கையால் சுற்றும்போது எண் குதிக்கும். உள்ளே எலக்ட்ரானிக் போர்டு உள்ள பொருள்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

மீட்டரின் கம்பிகளைப் பின்களிலேயே வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஒயரை மெல்ல வளைத்து வரச் சொல்லுங்கள். ஓர் இடத்தில் மட்டும் எண் வந்து போனால் அங்கேதான் அறுப்பு. பெரும்பாலும் பிளக்குக்குப் பக்கத்திலோ, ஒயர் பொருளுக்குள் நுழையும் இடத்திலோ இருக்கும், ஏனென்றால் தினமும் மடிகிற இடம் அவை இரண்டும்தான். அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, குட்டையான ஒயரிலேயே புது பிளக் போடுங்கள், அல்லது உள்ளே இருக்கும் கனெக்டரில் மறுபடி இணையுங்கள். நடு ஒயரில் டேப் சுற்றிவிட்டு விட்டுவிடாதீர்கள். குழந்தைகள் கை படுகிற இடம் அது.

படி 3: திறப்பது

திறக்கும் முன் ஒரு படம், ஒவ்வொரு அடுக்கைக் கழற்றும் முன்னும் ஒரு படம். ஒயரின் நிறமும் அது எந்த இணைப்பு முனையில் போகிறது என்பதும் தெரிய வேண்டும். ஸ்க்ரூக்களை ஒரு டப்பாவில் கொட்டாதீர்கள். ஒரு தாளில் பொருளின் உருவத்தை வரைந்து, எடுத்த ஸ்க்ரூவை அதே இடத்தில் குத்தி வையுங்கள். குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நீளமானதைப் போட்டால் அது உள்ளே போய் போர்டையோ காயிலையோ கிழித்துவிடும்.

எல்லா ஸ்க்ரூவும் எடுத்தும் மூடி வரவில்லையா? பலம் காட்டாதீர்கள். ரப்பர் காலுக்கு அடியில், ஸ்டிக்கருக்கு அடியில், திருகுகிற குமிழுக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும். ஸ்டிக்கர் மேல் விரலால் தேய்த்துப் பாருங்கள், குழி தட்டுப்படும். அதுவும் இல்லையென்றால் பிளாஸ்டிக் லாக். தேவையில்லாத பழைய கார்டு ஒன்றை இடுக்கில் விட்டு ஓரமாக ஓட்டி வந்தால் ஒவ்வொன்றாக விடுபடும்.

படி 4: சூடாகும் பொருள்கள்

அயர்ன் பாக்ஸ், கெட்டில், டோஸ்டர், ஹேர் டிரையர் எல்லாம் ஒரே குடும்பம். மீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, ஒரு கம்பியைப் பிளக் பின்னில் நிறுத்தி, இன்னொன்றைப் பாதையில் நகர்த்திக்கொண்டே போங்கள். ஒயர் முனை: பீப். ஸ்விட்ச் தாண்டி: பீப். தெர்மோஸ்டாட் தாண்டி: பீப். தெர்மல் ஃபியூஸ் தாண்டி: சத்தம் இல்லை. அவ்வளவுதான், ஆள் பிடிபட்டுவிட்டார்.

தெர்மல் ஃபியூஸ் பெரும்பாலும் சின்ன உலோகக் குப்பி மாதிரி வெள்ளை நார் ஸ்லீவுக்குள் இருக்கும். வெப்பம் எல்லை மீறினால் ஒரே ஒரு முறை அறுந்து உயிரை விடும், திரும்ப ஒட்டாது. அதை எடுத்துவிட்டு நேராக ஒயரால் இணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வீடு பற்றி எரியாமல் காக்கிற கடைசிக் காவல் அது. உடலில் அச்சிட்ட வெப்ப அளவும் ஆம்பியரும் அப்படியே உள்ள புதியதைப் போடுங்கள். சால்டரிங் சூட்டிலேயே புதியது அறுந்துபோகும் என்பதால் கிரிம்ப் குழாய் வைத்து பிளையரால் நசுக்கி இணைப்பதுதான் சரி.

போட்டதும் மூடிவிடாதீர்கள். அது ஏன் அறுந்தது? தெர்மோஸ்டாட்டை ஆஃப் நிலைக்குத் திருகி அளந்து பாருங்கள், அப்போதும் பீப் வந்தால் அதன் காண்டாக்ட் இரண்டும் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டன, அணையவே அணையாது. தெர்மோஸ்டாட்டையும் மாற்றாமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் அதுவும் போகும்.

கெட்டிலில் நான் முதலில் பார்ப்பது அடித்தட்டில் வட்டமாக இருக்கும் காண்டாக்ட். கருகியிருந்தால் அங்கே லூஸ் காண்டாக்ட், அடித்தட்டையே மாற்றுவது நல்லது. தண்ணீர் கொதிக்கும் முன்பே அணைகிறதா? உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பு காரணமாக இருக்கலாம், வினிகரோ சிட்ரிக் அமிலமோ தண்ணீரில் கலந்து சூடாக்கி ஊறவிட்டுக் கழுவினால் போகும். எலிமெண்டே அறுந்திருந்தால் கெட்டிலை விட்டுவிடுங்கள், பெரும்பாலானவற்றில் அது கெட்டிலின் அடிப்பாகத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டது.

படி 5: மோட்டார் உள்ளவை

என் டிரில் ஒரு முறை நின்றுபோனபோது, கொடுத்த இடத்தில் காயில் போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்து பக்கவாட்டில் இருந்த இரண்டு மூடிகளைத் திருகி எடுத்தேன். கார்பன் பிரஷ் இரண்டும் நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தன. ஒரு ஜோடி புது பிரஷ் போட்டேன், இன்றைக்கும் ஓடுகிறது. மிக்சி, டிரில், வேக்குவம் கிளீனர் எது நின்றாலும் காயிலைப் பற்றிப் பேசும் முன் பிரஷைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

பிரஷ் பழைய நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதையே திரும்பப் போடுவதானால் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று குறித்து வையுங்கள், முனையின் வளைவு கம்யூட்டேட்டரோடு பழகிப் போயிருக்கும். கம்யூட்டேட்டர், அதாவது ஆர்மேச்சரின் (மோட்டாரில் சுற்றும் பாகத்தின்) முனையில் இருக்கும் செம்புப் பட்டைகள், கருத்திருந்தால் மிக மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பட்டைகளுக்கு நடுவே அடைத்திருக்கும் கார்பன் தூளை மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். புது பிரஷ் முதலில் கொஞ்சம் பொறி விடும். சுமை இல்லாமல் சில நிமிடம் ஓட்டினால் அமர்ந்துவிடும். பொறி குறையாமல் கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம் போல ஓடினால் மட்டும்தான் ஆர்மேச்சரைச் சந்தேகிக்க வேண்டும்.

மிக்சி நின்றால் அதற்கும் முன்னால் ஒன்று: அடியில் ஒரு சின்ன பட்டன் இருக்கும், ஓவர்லோடு ஆனால் வெளியே தள்ளிக்கொண்டு வரும். ஆறவிட்டு அழுத்துங்கள். மோட்டார் சத்தம் வருகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் மோட்டாரை ஜாரோடு இணைக்கும் கப்ளரின் பல் தேய்ந்திருக்கிறது. அது ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டு, சாதாரணமாக இடம்புரியாகத் திருகப்பட்டிருக்கும், எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக் கழற்றுங்கள்.

ஃபேன் வேறு ஜாதி, அதில் பெரும்பாலும் பிரஷ் கிடையாது. ஸ்விட்ச் போட்டால் முனகுகிறது, குச்சியால் லேசாகத் தள்ளினால் சுற்ற ஆரம்பிக்கிறது, அல்லது முழு வேகம் வரவே மாட்டேன் என்கிறது: கண்டென்சர் (கெபாசிட்டரின் இன்னொரு பெயர்) போய்விட்டது. சீலிங் ஃபேனில் பொதுவாக 2.5 மைக்ரோஃபாரட் என்பது போல ஒரு சின்ன எண் அச்சிட்டிருக்கும். அதே எண்ணுள்ளதையே போடுங்கள், வோல்ட் மட்டும் அதே அளவோ கூடவோ இருக்கலாம். வேகம் கூடும் என்று பெரிய எண்ணைப் போட்டால் காயில் சூடேறும். பழையதை எடுக்கும் முன் அதில் வோல்ட் மிச்சம் இல்லை என்று மீட்டரில் பாருங்கள்.

கிறீச் சத்தம் வந்தால் டேபிள் ஃபேனில் எண்ணெய் வறண்டிருக்கும். துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள், அது இருக்கிற எண்ணெயையும் கரைத்துவிட்டுச் சில நாளில் காய்ந்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு புஷ்ஷில், அதாவது அச்சு சுற்றும் வளையத்தில், விடுங்கள். சீலிங் ஃபேனில் பேரிங், அதைத் தட்டி எடுத்து மாற்ற வேண்டும், பேரிங்கின் விளிம்பிலேயே எண் பொறித்திருக்கும்.

படி 6: சின்ன எலக்ட்ரானிக் சாமான்கள்

ரிமோட் வேலை செய்யவில்லையா? மொபைலின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்குக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளி கேமராவில் ஊதா வெள்ளையாக மின்னும். எல்லாப் பட்டனுக்கும் மின்னினால் ரிமோட் நன்றாக இருக்கிறது, கோளாறு டிவியில். சில பட்டனுக்கு மட்டும் மின்னவில்லை என்றால் ரப்பரையும் போர்டையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். பேட்டரி ஒழுகி வெள்ளைப் பொடி பூத்திருந்தால், அல்கலைன் பேட்டரியில் அது காரம், பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் சுத்தம் செய்ய வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சார்ஜரிலும் அடாப்டரிலும் ஓடும் பொருள் என்றால் முதலில் அடாப்டரை அளந்து பாருங்கள், 12 வோல்ட் என்று எழுதியிருந்தால் சுமார் 12 வர வேண்டும். வரவில்லையென்றால் புது அடாப்டர், வோல்ட் அதே, ஆம்பியர் அதே அல்லது கூட, பின்னின் பிளஸ் மைனஸும் அதே. அடாப்டரைப் பிளந்து பார்க்க வேண்டாம், 230 வோல்ட் லைனில் அதன் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும்.

படி 7: இணைப்பு

சால்டரிங் செய்யும்போது ஸ்லீவை ஒயரில் முதலில் கோத்துவிடுங்கள், ஒட்டிய பிறகு கோக்க வழியில்லை. ஈயத்தை அயர்ன் முனையில் உருக்கிச் சொட்டவிடக் கூடாது, ஒயரைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானாக ஓடி ஊற வேண்டும். பளபளப்பாகப் பரவியிருந்தால் நல்ல இணைப்பு, உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்தால் திரும்பச் செய்யுங்கள். எலிமெண்ட் பக்கத்தில் மட்டும் ஈயம் கூடாது, 63க்கு 37 கலவை ஈயம் 183 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அங்கே கிரிம்ப் அல்லது ஸ்க்ரூ வைத்த பீங்கான் கனெக்டர், ஒயரும் சூடு தாங்குகிற சிலிக்கான் ஒயர்.

படி 8: மூடும் முன்னும் மூடிய பின்னும்

உலோக உடம்புள்ள பொருளில் இதைத் தவிர்க்கவே கூடாது. பிளக்கின் எர்த் பின்னுக்கும் உடம்புக்கும் இடையே அளந்தால் 1 ஓமுக்குக் கீழே வர வேண்டும். ஸ்விட்சை ஆன் செய்து, ஃபேஸ் பின்னுக்கும் உடம்புக்கும், நியூட்ரல் பின்னுக்கும் உடம்புக்கும் மீட்டரின் மிகப் பெரிய ஓம் நிலையில் பாருங்கள், எதுவுமே காட்டக் கூடாது. ஏதாவது எண் வந்தால் கரண்ட் உடம்புக்குக் கசிகிறது, செருகாதீர்கள், மறுபடி திறந்து ஒயர் எங்கே நசுங்கியிருக்கிறது என்று தேடுங்கள். மூடியின் விளிம்பில் ஒயர் சிக்குவதுதான் நான் அதிகம் பார்த்த காரணம்.

போர்டு உள்ள பொருள்களுக்கு சீரிஸ் பல்ப் ரொம்ப உதவும். 60 அல்லது 100 வாட் பழைய குண்டு பல்பை ஃபேஸ் ஒயரில் தொடராக இணைத்து, அதன் வழியே பொருளுக்குக் கரண்ட் கொடுங்கள், எல்இடி பல்ப் இதற்கு ஆகாது. பல்ப் ஒரு நொடி மின்னி மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட், ஆனால் பல்பு கரண்டைத் தடுத்து நிறுத்துவதால் போர்டு கருகாது. அயர்ன் பாக்ஸ், கெட்டிலுக்கு இதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அவை நன்றாக இருந்தாலும் பல்ப் பிரகாசமாகத்தான் எரியும். அவற்றுக்கு ஓம் கணக்கே போதும்.

எல்லாம் சரியென்றால் நேரடியாகச் செருகி, பக்கத்திலேயே இருந்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு பிடுங்கி, பிளக் பின்களையும் ஒயரையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, விரல் வைக்க முடியாத சூடு என்றால் அங்கே ஏதோ ஓர் இணைப்பு லூசாக இருக்கிறது. மூடியின் உட்புறத்தில் தேதி, மாற்றிய பாகம், அதன் எண் மூன்றையும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி, சூடு படாத இடத்தில் ஒட்டிவிடுங்கள், அடுத்த முறை திறப்பவருக்கு, அது நீங்களாகவே இருந்தாலும், எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்று தெரியும்.